ரத்தத்தில் கால்சியம் நார்மல், மணிக்கட்டு மட்டும் ஏன் உடைந்தது?

இந்த முறை கால்சியம் பற்றிய கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன், அதனால் உங்கள் கேள்வி கொஞ்சம் உருமாறித் தெரிந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: டாக்டர், எனக்கு 57 வயது. வீட்டுக்குள் நடக்கும்போது கால் இடறிக் கையை ஊன்றினேன், அவ்வளவுதான், மணிக்கட்டு உடைந்துவிட்டது. இரண்டு மாதம் முன்புதான் ரத்தப் பரிசோதனை செய்தேன், கால்சியம் 9.4, நார்மல் என்று எழுதியிருந்தது. இப்போது எலும்பு மெலிந்துவிட்டது என்கிறார்கள். எந்த ரிப்போர்ட் பொய்?

பதில்: இரண்டுமே பொய் இல்லை அம்மா. குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது என்பதற்காகத் தொட்டி நிரம்பியிருக்கிறது என்று சொல்ல முடியாது இல்லையா, கடைசிக் குடம் வரைக்கும் குழாயில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும். ரத்தப் பரிசோதனை குழாயை மட்டும் பார்க்கிறது. உங்கள் பிரச்சினை தொட்டியில்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இது புரிந்துவிட்டால் கீழே வருகிற கேள்விகளில் பாதி தானாக அடங்கிவிடும். வளர்ந்த ஒருவர் உடம்பில் ஏறக்குறைய ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது, அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும். மிச்சம் ஒரு சதவீதம்தான் ரத்தத்திலும் மற்ற திசுக்களிலும். ஆனால் அந்த ஒரு சதவீதம் இல்லாவிட்டால் தசை சுருங்காது, நரம்பு பேசாது, காயத்தில் ரத்தம் உறையாது, இதயம் துடிக்காது. 1883-ல் சிட்னி ரிங்கர் என்ற ஆங்கிலேய மருத்துவர் தவளையின் இதயத்தைத் தனியே எடுத்து உப்புக் கரைசலில் துடிக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாகத் துடித்தது. அப்புறம்தான் தெரிந்தது, அந்தக் கரைசலைக் காய்ச்சி வடித்த நீரில் செய்யாமல் லண்டன் குழாய்த் தண்ணீரில் செய்துவிட்டார்கள் என்று. சுத்தமான நீரில் செய்து பார்த்தால் இதயம் சீக்கிரமே ஓய்ந்துவிட்டது! குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் வித்தியாசம். ஒரு தவறால் கிடைத்த கண்டுபிடிப்பு.

அதனால் உடம்பு இந்த விஷயத்தில் விளையாடாது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சுமார் 8.5 முதல் 10.5 மில்லிகிராம், இந்த எல்லைக்குள் கால்சியத்தைப் பிடித்து வைத்திருக்கும். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன, ரத்தத்தில் அளவு லேசாகக் குறைந்தாலும் அவை ஒரு ஹார்மோனைச் சுரக்கும், உடனே சிறுநீரகம் கால்சியத்தை வெளியே விடாமல் இழுத்துப் பிடிக்கும், வைட்டமின் டி முடுக்கிவிடப்பட்டுக் குடல் அதிகமாக உறிஞ்சும், அதுவும் போதாவிட்டால் எலும்பைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். ரிப்போர்ட்டில் நீங்கள் பார்த்த 9.4 அப்படிக் காப்பாற்றப்பட்ட எண். எலும்பில் எவ்வளவு இருக்கிறது என்பது அதில் தெரியவே தெரியாது.

இன்னொரு பக்கமும் உண்டு. எலும்பு என்றால் சுண்ணாம்புக் கட்டி மாதிரி அசையாமல் கிடக்கும் பொருள் என்று நினைக்கிறோம். உண்மையில் அங்கே பழையதைக் கரைக்கும் செல்களும் புதியதைக் கட்டும் செல்களும் ஓயாமல் வேலை செய்கின்றன, வருடத்துக்குச் சுமார் 10 சதவீத எலும்பு புதிதாகிறது. ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை கரைக்கும் செல்களுக்கு ஒரு கடிவாளம் இருந்தது. மாதவிடாய் நின்றபின் அது அவிழ்ந்துவிடுகிறது, முதல் ஐந்தாறு வருடங்களில் எலும்பு அடர்த்தியில் 20 சதவீதம் வரைகூடப் போய்விடலாம். வலி இருக்காது, வீக்கம் இருக்காது. முதல் அறிகுறியே பல பேருக்கு உடைவதுதான்.

அடர்த்தியை அளக்க டெக்ஸா ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது. அதில் வரும் டி ஸ்கோர், அதாவது உங்கள் எலும்பை ஆரோக்கியமான இளவயதினரின் சராசரியோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண், மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு நோய் என்று உலக சுகாதார நிறுவனம் 1994-ல் வரையறுத்தது. சாதாரண எக்ஸ்ரேயை நம்பாதீர்கள், கணிசமான அளவு எலும்பு போன பிறகுதான் அதில் தெரியும். உங்கள் விஷயத்தில், நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு உடைந்தது என்பதே பெரிய தகவல். உங்கள் மருத்துவரிடம் வைட்டமின் டி, தைராய்டு, பாராதைராய்டு அளவுகளையும், நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை ஏதாவது எடுத்தீர்களா என்பதையும் பேசுங்கள். எலும்பு கரைவதைத் தடுக்கத் தனியாக மாத்திரைகளும் ஊசிகளும் இருக்கின்றன, இந்த நிலைக்கு வந்தபின் கால்சியம் மாத்திரை மட்டும் போதாது.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், பேச்சில் நாம் எல்லாவற்றையும் ‘எலும்புத் தேய்மானம்’ என்று சொல்லிவிடுகிறோம். முழங்கால் மூட்டில் குருத்தெலும்பு தேய்வது வேறு நோய், அது வலிக்கும். உங்களுடையது எலும்பே உள்ளுக்குள் சல்லடையாவது. முதலாவதற்குக் கால்சியம் மாத்திரையால் ஒன்றும் ஆகாது, ஆனாலும் மூட்டுவலிக்காரர்கள்தான் அதை அதிகம் வாங்கி விழுங்குகிறார்கள்.

கேள்வி: ஒரு நாளைக்கு எவ்வளவு கால்சியம் வேண்டும்? பால் குடித்தால் எனக்கு வயிறு உப்புகிறது, பால் இல்லாமல் முடியுமா?

பதில்: முடியும். அளவைப் பொறுத்தவரை நாட்டுக்கு நாடு கணக்கு மாறுகிறது, அமெரிக்காவில் பெரியவர்களுக்கு 1,000 மில்லிகிராம் என்கிறார்கள், 50 தாண்டிய பெண்களுக்கும் 70 தாண்டிய எல்லாருக்கும் 1,200. பிரிட்டனில் 700 போதும் என்கிறார்கள். இதைப் பார்த்து ‘இவர்களுக்கே தெரியவில்லை’ என்று சிரிக்க வேண்டாம், குறைவாகச் சாப்பிடும்போது குடல் கூடுதலாக உறிஞ்சிச் சமாளிக்கப் பார்க்கும், அதனால் இதுதான் சரி என்று ஒரே கோட்டைக் கிழிப்பது கஷ்டம். தினமும் 700-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டு 1,000-ஐ நோக்கிப் போங்கள், போதும்.

ஒரு பெரிய டம்ளர் பாலில், அதாவது கால் லிட்டரில், சுமார் 300 மில்லிகிராம் இருக்கிறது. வயிறு உப்புவது பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையால். குழந்தைப் பருவம் முடிந்ததும் அதைச் செரிக்கும் நொதி குறைந்துபோவது உலகத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு நடப்பது, அதை நோய் என்றே சொல்லக் கூடாது. தயிராக்கினால் லாக்டோஸில் ஒரு பகுதியைக் கிருமிகளே தின்றுவிடும், கால்சியம் அப்படியே இருக்கும். பாலையே கொஞ்சம் கொஞ்சமாக, சாப்பாட்டோடு குடித்தால் பலருக்கு ஒத்துப்போகிறது. அதுவும் வேண்டாம் என்றால் முள்ளோடு மென்று தின்கிற சின்ன மீன்கள், கால்சியம் உப்புப் போட்டு உறைய வைத்த டோஃபு, தோல் நீக்காத எள், பாதாம்.

கீரையில்தான் எல்லாரும் ஏமாறுகிறோம். பட்டியலில் போட்டிருக்கும் எண்ணும் உடம்புக்குள் போகும் எண்ணும் ஒன்றல்ல. பாலில் இருக்கும் கால்சியத்தில் 30 சதவீதம் போல உறிஞ்சப்படுகிறது. பாலக் கீரையில் கால்சியம் நிறைய இருந்தும் அதிலுள்ள ஆக்சலேட் அதைக் கட்டிப் போட்டுவிடுவதால் 5 சதவீதம்தான் தேறும். கேல், ப்ரோக்கோலி மாதிரி முட்டைகோஸ் குடும்பத்தில் ஆக்சலேட் குறைவு, அங்கே பாதிக்குப் பாதி உள்ளே போகிறது. பாலக்கை விட்டுவிடச் சொல்லவில்லை, அதில் வேறு நல்லது நிறைய இருக்கிறது, கால்சியக் கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள்.

உப்பையும் பாருங்கள். கூடுதலாகச் சாப்பிடும் ஒவ்வொரு 6 கிராம் உப்பும் சிறுநீரில் சுமார் 40 மில்லிகிராம் கால்சியத்தை இழுத்துக்கொண்டு போகும். 40 என்றால் சின்னதாகத் தெரியும், ஆனால் இது ஏற்கெனவே உறிஞ்சி ரத்தத்தில் சேர்ந்துவிட்ட கால்சியம், அதை ஈடுகட்ட நீங்கள் அரை டம்ளர் பால் கூடுதலாகக் குடிக்க வேண்டும். காபியைப் பற்றியும் பயந்து கேட்கிறீர்கள். ஒரு கோப்பைக்கு இழப்பு இரண்டு மூன்று மில்லிகிராம். இரண்டு ஸ்பூன் பால் சேர்த்தால் சரியாகிவிடும், நிம்மதியாகக் குடியுங்கள்.

கேள்வி: விரலில் அடிக்கடி சொடக்கு எடுக்கிறேன். நகத்தில் வெள்ளைப் புள்ளிகளும் இருக்கின்றன. கால்சியம் குறைவா சார்?

பதில்: இரண்டும் இல்லை. சொடக்கு என்பது மூட்டுத் திரவத்தில் காற்றுக் குமிழி செய்யும் சத்தம். நகத்தில் வெள்ளைப் புள்ளி பெரும்பாலும் நகத்தின் வேரில் எப்போதோ பட்ட சின்ன அடி, நகம் வளர வளர முன்னால் வந்து போய்விடும். டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் ஐம்பது வருடத்துக்கு மேல் இடது கையில் மட்டும் தினமும் சொடக்கு எடுத்து, இரண்டு கையும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன என்று நிரூபித்து 2009-ல் இக் நோபல் பரிசு வாங்கினார், அது சிரிக்க வைத்துவிட்டுச் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் வேடிக்கைப் பரிசு. நீங்களும் தாராளமாகச் சொடக்கு எடுங்கள், பக்கத்தில் இருப்பவர் அனுமதித்தால்.

கேள்வி: காலையில் எழுந்ததும் தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை மூன்றையும் மறக்காமல் இருக்க ஒன்றாகப் போட்டுக்கொள்கிறேன். சரிதானே?

பதில்: சரியே இல்லை அம்மா. நீங்கள் மறக்காமல் போடுவதெல்லாம் வயிற்றுக்குள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு வீணாகிறது. தைராய்டு மாத்திரையைக் கால்சியமும் இரும்பும் உறிஞ்ச விடாது, நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பையும் கால்சியம் தடுக்கும். ஆகவே வெறும் வயிற்றில் தைராய்டு மட்டும், மதியச் சாப்பாட்டோடு கால்சியம், இரும்பை எப்போது எடுப்பது என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு நேரம் மாற்றிக்கொள்ளுங்கள். சில ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கும் இதே தகராறு உண்டு, டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் எழுதிக் கொடுத்தால் நீங்கள் கால்சியம் எடுப்பதைச் சொல்லிவிடுங்கள்.

அட்டையின் பின்புறத்தையும் படியுங்கள். கால்சியம் கார்பனேட் 1,250 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் அதில் நிஜமான கால்சியம் 500, ஏனென்றால் கார்பனேட்டில் 40 சதவீதம்தான் கால்சியம். சிட்ரேட் வகையில் 21 சதவீதம்தான். கார்பனேட் கரைய வயிற்று அமிலம் வேண்டும், அதனால் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். சிட்ரேட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அசிடிட்டிக்கு ஓமெப்ரஸோல் மாதிரி மாத்திரை தினமும் போடுகிறவர்களுக்கு அதுதான் தோது. ஒரே நேரத்தில் 500-க்கு மேல் எடுத்தால் உறிஞ்சும் விகிதம் குறையும், 1,000 எழுதிக் கொடுத்திருந்தால் இரண்டு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கால்சியம் மாத்திரை இதய ரத்தக்குழாயை அடைத்துவிடும் என்று படித்தேன். எடுக்கவா வேண்டாமா?

பதில்: 2010-ல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு அப்படி ஒரு சந்தேகத்தைக் கிளப்பியது, பின்னால் வந்த சில ஆய்வுகள் அப்படி இல்லை என்றன, நிபுணர்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை. சாப்பாட்டில் வரும் கால்சியத்தின் மேல் இந்தப் புகார் எழவில்லை. அதனால் என் கட்சி எளிமையானது: சாப்பாட்டில் எவ்வளவு வருகிறது என்று முதலில் எண்ணுங்கள், குறைவதை மட்டும் மாத்திரையால் நிரப்புங்கள். 800 சாப்பிடுகிறவர் மேலும் 1,000 மில்லிகிராம் மாத்திரை போடுவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

மாத்திரையால் எவ்வளவு லாபம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 36,282 பெண்களுக்குத் தினமும் 1,000 மில்லிகிராம் கால்சியமும் 400 யூனிட் வைட்டமின் டியும், அல்லது வெறும் போலி மாத்திரையும் கொடுத்து ஏழு வருடம் பார்த்தார்கள், முடிவு 2006-ல் வெளிவந்தது. இடுப்பு எலும்பின் அடர்த்தி ஒரு சதவீதம் போலக் கூடியது, இடுப்பு எலும்பு முறிவு உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை, சிறுநீரகக் கல் 17 சதவீதம் கூடியது. பலருக்குக் கால்சியம் ஏற்கெனவே சாப்பாட்டில் போதுமான அளவு வந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றினால் வழியத்தான் செய்யும்.

கேள்வி: அப்படியானால், எனக்குச் சிறுநீரகக் கல் வந்திருக்கிறது, பால் தயிரை நிறுத்தச் சொல்கிறார்கள் வீட்டில். நிறுத்தவா?

பதில்: நிறுத்தாதீர்கள். கேட்க விசித்திரமாக இருக்கும், பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட்தான், ஆனால் சாப்பாட்டில் கால்சியம் இருந்தால் அது குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியே தள்ளிவிடுகிறது. கால்சியத்தைக் குறைத்தால் ஆக்சலேட் தனியாக ரத்தத்துக்குள் போய்ச் சிறுநீரில் இறங்கிக் கல்லாகிறது. 2002-ல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், திரும்பத் திரும்பக் கல் வந்த 120 ஆண்களில் பாதிப் பேருக்குக் கால்சியத்தைக் குறைத்தார்கள், மீதிப் பேருக்குக் கால்சியத்தைக் குறைக்காமல் உப்பையும் இறைச்சியையும் குறைத்தார்கள். ஐந்து வருடத்தில் இரண்டாவது கூட்டத்தில் கல் திரும்ப வந்தது ஏறக்குறைய பாதிதான். தண்ணீர் நிறையக் குடியுங்கள், உப்பைக் குறையுங்கள், தயிரைச் சாப்பாட்டோடு சாப்பிடுங்கள். மாத்திரை விஷயம் மட்டும் வேறு, அது வெறும் வயிற்றில் போனால் ஆக்சலேட்டைப் பிடிக்க வாய்ப்பில்லை, மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

கேள்வி: வைட்டமின் டிக்காகத் தினமும் கண்ணாடி ஜன்னலோரம் வெயிலில் அரை மணி நேரம் உட்காருகிறேன். அப்படியும் குறைவு என்று ரிப்போர்ட் வருகிறது.

பதில்: கண்ணாடியைத் திறங்கள். தோலில் வைட்டமின் டி செய்யும் புற ஊதா பி கதிரைச் சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும், வெளிச்சமும் சூடும்தான் உள்ளே வரும். வைட்டமின் டி மிகவும் குறைந்தால் சாப்பிடும் கால்சியத்தில் 10–15 சதவீதம்தான் உறிஞ்சப்படும் என்பதால் இதைச் சரிசெய்யாமல் பாலை மட்டும் கூட்டிப் பயனில்லை. குறைவு அதிகமாக இருந்தால் வெயிலை நம்பிக்கொண்டிருக்காமல் மருத்துவர் தரும் மருந்தை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு பிள்ளைக்கு ஒரு பல் போகும் என்று என் மாமியார் சொல்கிறார். குழந்தை அம்மாவின் பல்லிலிருந்து கால்சியம் எடுக்குமா?

பதில்: எடுக்காது. பல்லிலிருந்து எலும்பு மாதிரி கரைத்தெடுக்க வழியில்லை. பிறக்கும்போது குழந்தையின் உடம்பில் சுமார் 30 கிராம் கால்சியம் இருக்கும், பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில் போகிறது, அதற்கு அம்மாவின் குடல் உறிஞ்சும் அளவை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்கிறது. தாய்ப்பால் கொடுக்கும்போது எலும்பு கொஞ்சம் குறையும், நிறுத்தியபின் திரும்பி வந்துவிடும். பல் போவது ஈறு வீங்குவதாலும் வாந்தி அமிலத்தாலும் பல் மருத்துவரிடம் போக நேரமில்லாததாலும். மாமியாரிடம் இதைச் சொல்லும்போது பக்குவமாகச் சொல்லுங்கள், அவருக்கு நிஜமாகவே பல் போயிருக்கலாம்.

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. உடம்பு போடுகிறது என்று சாப்பாட்டைக் குறைத்து, பாலையும் விட்டுவிட்டாள். எலும்பெல்லாம் வயதானவர்கள் கவலை என்கிறாள்.

பதில்: அவள் வயதுதான் இதற்கு முக்கியமான வயது. எலும்பு நிறையில் 90 சதவீதம் போல 20 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது, 30-ஐ ஒட்டி உச்சம் தொட்டு அப்புறம் இறக்கம்தான். 9 முதல் 18 வயதுக்கு 1,300 மில்லிகிராம் என்று எல்லா வயதையும்விட அதிகமாக வைத்திருப்பது அதனால்தான். ஆனால் அவளிடம் கால்சியத்தைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். ஒரு கோழி எலும்பைச் சில நாள் வினிகரில் போட்டு வைத்துக் காட்டுங்கள், கால்சியம் கரைந்து போனபின்னும் எலும்பு அதே வடிவத்தில் இருக்கும், ரப்பர் மாதிரி வளையும். அந்த மிச்சம் கொலாஜன் என்ற புரதம், கால்சியம் உட்கார அதுதான் இடம். பட்டினி கிடந்தால் அந்த இடமும் இல்லை. மாதவிடாய் தள்ளிப்போகிறதா, நின்றுவிட்டதா என்று அவளிடம் தனியாகக் கேளுங்கள். நின்றிருந்தால் அந்த வயதிலேயே ஈஸ்ட்ரோஜன் குறைகிறது என்று பொருள், உடனே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: நான் 68 வயது ஆண். தினமும் ஒரு மணி நேரம் நீந்துகிறேன். டி ஸ்கோர் மைனஸ் 2.3 வந்திருக்கிறது. இது பெண்களுக்கு வருவது என்றல்லவா நினைத்தேன்?

பதில்: ஆண்களுக்கும் வரும் ஐயா, கொஞ்சம் தாமதமாக வரும். நீச்சல் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அருமை, எலும்புக்கு அவ்வளவாக இல்லை, தண்ணீர் உங்களைத் தாங்கிவிடுகிறதே. எலும்பு தன்மேல் விழும் சுமையைப் பார்த்துத்தான் தன்னைக் கட்டிக்கொள்கிறது. விண்வெளியில் மாதக்கணக்கில் தங்கும் வீரர்களுக்கு இடுப்பு எலும்பில் மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் குறைகிறது, கால்சியம் கொடுத்தும்தான். டென்னிஸ் ஆடுகிறவர்களுக்கு மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மற்றதைவிடத் தடிமன். நீச்சலை விடாதீர்கள், வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சியும் வேகநடையும் படியேறுவதும் சேருங்கள். முதுகெலும்பும் மெலிந்திருந்தால் முன்னால் குனிந்து கனத்தைத் தூக்கக் கூடாது, ஆரம்பத்தில் பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்கட்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 82 வயது. இனிமேல் கால்சியம் கொடுத்து என்ன ஆகப்போகிறது?

பதில்: கொடுங்கள், கூடவே வைட்டமின் டியும் பாருங்கள். ஆனால் இந்த வயதில் எலும்பை உடைப்பது பெரும்பாலும் தரைதான். ராத்திரி படுக்கையிலிருந்து கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும், கழிவறையில் பிடித்து எழக் கம்பி போடுங்கள், ஓரம் மடங்கிய மிதியடியைத் தூக்கி எறியுங்கள், கண்ணாடி பவரைச் சோதியுங்கள். தூக்க மாத்திரையோ பிரஷர் மாத்திரையோ எடுத்தபின் எழும்போது தலை சுற்றுகிறதா என்று கேளுங்கள், சுற்றினால் அந்த மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள், அடுத்த வாரம் வேண்டாம், நாளைக்கே.